ஹாரன் இல்லாத இடத்தில் முந்துவது

நீலகிரியிலிருந்து பைக் ரேஸ் ஓட்ட இறங்கி வரும் பையன்களிடம் ஒரு பலம் உண்டு. வளைவைக் கண்டு பயப்பட மாட்டார்கள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. மஞ்சூரிலிருந்து கெத்தை பக்கம் இறங்கினால் 43. பால் வாங்கப் போனாலும் டியூஷனுக்குப் போனாலும் வளைந்துதான் போயாக வேண்டும். ஈரத்தில் பிரேக்கை எவ்வளவு பிடிப்பது, வளைவின் நடுவில் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் இவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கையே பழகியிருக்கும்.

அதே மலை ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்து அனுப்புகிறது. முந்தும் பழக்கம்.

மலைப்பாதையில் முந்துவது ஹாரனை நம்பி நடக்கும் வேலை. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். முன்னால் போகிற பஸ் டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார். எதிரே வண்டி இல்லையென்றால் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ‘வா வா’ என்பார், கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கியும் கொடுப்பார். நாமும் போகிற போக்கில் சின்னதாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவோம். இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் அந்த ஓவர்டேக் நடக்கிறது. டிராக்கில் பேச வழியே இல்லை. ஹாரன் கிடையாது. கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் வண்டி ரேஸுக்கு முந்தைய பரிசோதனையான ஸ்க்ரூட்டினிக்கே போகும். ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சல், அதற்கு மேல் சொந்த இன்ஜின் சத்தம். நாம் ஒட்டிக்கொண்டு வருவது முன்னால் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும்.

குன்னூரில் பைக் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் சின்ன சிசி வண்டிகளில் ஓட்டியிருக்கிறேன். இப்போது நான் ஓட்டுவது குறைவு. குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பையன்களுக்கு வண்டி தயார் செய்து கூட்டிக்கொண்டு போவதுதான் அதிகம். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். வேகமாக ஓட்டுவது எப்படி என்பதை அல்ல. அதைச் சொல்லிக்கொடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள். இன்னொரு மனிதனுக்குப் பக்கத்தில், அவன் உடம்புக்கு ஆபத்து வராமல் கடந்து போவது எப்படி என்பதை.

முதல் தடவை டிராக்கில் இன்னொருவரை இடித்துவிட்டு அல்லது இடிக்கப் பார்த்துவிட்டு வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடமான பேடாக்குக்கு வரும் பையன், என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். “கேப் இருந்துச்சுண்ணா, போனேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. கேப் இருந்தது உண்மை. ஆனால் அது எந்த கேப் என்பதுதான் விஷயம். மலைச்சாலையில் முன்னால் போகிற வண்டி தன் பாதியில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் தெரியும் இடம் அடுத்த நொடியும் அப்படியே இருக்கும். டிராக்கில் வலது பக்க வளைவு வருகிறது என்றால், அதற்கு முன் எல்லோரும் இடது ஓரத்துக்குப் போவார்கள். அங்கே பிரேக் பிடித்து, அங்கிருந்து வண்டியைச் சாய்த்து, வளைவின் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே வருவார்கள். ஆக, பிரேக் பிடிக்கிற நேரத்தில் அவருக்கு வலது பக்கம் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் காலியாகத் தெரியும். அது அவர் விட்ட இடம் இல்லை. இன்னும் ஒரு நொடியில் அவர் வந்து சேரப் போகிற இடம். அங்கே நீ மூக்கை நுழைத்தால், சாய்ந்த வண்டியோடு அவர் நேராக உன் மேல் வருவார். சாய்ந்துவிட்ட பைக்கைச் சட்டென்று நிமிர்த்தி வேறு பாதைக்குக் கொண்டுபோக முடியாது. டயரின் பிடிப்பு முழுவதும் திரும்புவதற்கே செலவாகிக் கொண்டிருக்கும். நிமிர்த்தினால் ஓடுபாதையை விட்டு வெளியே போவார், நிமிர்த்தாவிட்டால் உன் மேல் விழுவார். அவருக்கு நீ விட்டுவைத்த வழி அந்த இரண்டுதான்.

எங்களோடு வந்த கோத்தகிரிப் பையன் ஒருவனுக்கு இப்படித்தான் காலர் எலும்பு உடைந்தது. அவன் தன் லைனில், அதாவது வளைவில் வண்டி போக வேண்டிய பாதையில், சரியாகத்தான் வந்தான். வளைவுக்குள் பாதி சாய்ந்த பிறகு உள்பக்கமாக இன்னொருவர் வந்து அவன் முழங்கையிலும் ஹேண்டில் பாரிலும் மோதினார். மோதியவர் விழவில்லை, நான்கு இடம் முன்னேறி ரேஸை முடித்தார். இவன் தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். கையைத் தூக்க முடியாமல் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா என் கடைக்கு வந்து, “அவன் தப்பா ஓட்டினானா தம்பி?” என்று கேட்டார். “இல்லைம்மா, அவன் சரியாத்தான் ஓட்டினான்” என்று சொன்னேன். சரியாக ஓட்டியவனுக்கு எப்படி எலும்பு உடையும் என்பது அவருக்குப் புரியவே இல்லை. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அமெச்சூர் ரேஸ் என்பதன் பொருள் இதுதான். ரேஸ் தொடங்கும் வரிசையான கிரிட்டில் நிற்கிற எல்லோருக்கும் திங்கட்கிழமை வேலை இருக்கிறது. கல்லூரி மாணவன், டெலிவரி ஓட்டுகிறவன், வங்கியில் இருப்பவர், கடன் வாங்கி லெதர் சூட் வாங்கியவன். காயம்பட்டால் பார்த்துக்கொள்ள டீம் கிடையாது, சம்பளம் கிடையாது. அதனால் ஒரு விதியைக் கல்லில் எழுதியது போல வைத்துக்கொள்ள வேண்டும்: பாதுகாப்பாக முந்தும் பொறுப்பு முழுவதும் பின்னால் வருபவருடையது. அவருக்குத்தான் முன்னால் என்ன நடக்கிறது என்பது தெரியும். முன்னால் இருப்பவரின் கடமை ஒன்றே ஒன்று. எப்போதும் போகிற லைனில், எப்போதும் பிடிக்கிற இடத்தில் பிரேக் பிடித்து, எதிர்பார்க்கிற மாதிரி ஓட்டுவது.

சரி, ஹாரனும் இல்லை, கண்ணாடியும் இல்லை; பிறகு நான் வருவதை அவருக்கு எப்படிச் சொல்வது? கண்ணில் பட்டுத்தான் சொல்ல வேண்டும். அதுவும் அவர் வண்டியைச் சாய்ப்பதற்கு முன்னால். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முன்னால் பார்க்கும்போது பக்கவாட்டில் ஓரளவுக்குத்தான் தெரியும். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அவர் கண்ணில் நீங்கள் இல்லவே இல்லை. அவர் முழங்கால் வரை வந்தாலும் சந்தேகம்தான். அவருடைய கைப்பிடிக்கு நேராக உங்கள் முன்சக்கரம் வந்த பிறகுதான் ஏதோ ஒரு வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குப் படும். அந்த நிலைக்கு, வண்டி இன்னும் நிமிர்ந்திருக்கிற போதே, பிரேக் பிடிக்கும் தூரத்துக்குள்ளேயே வந்துவிட வேண்டும். வர முடியவில்லை என்றால் அந்த வளைவு அவருடையது. பிரேக்கை இன்னும் கொஞ்சம் பிடித்துப் பின்னால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் கணக்கு உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். நீங்கள் அவரைவிட 10 கிலோமீட்டர் அதிக வேகத்தில் வந்தால், ஒரு நொடிக்கு 2.8 மீட்டர்தான் நெருங்குகிறீர்கள். பைக்கின் நீளம் சுமார் 2 மீட்டர். அவர் வாலில் இருந்து அவருக்குச் சமமாக வர முக்கால் நொடி ஆகும். அதற்குள் டிராக்கில் 20 மீட்டர் ஓடிப்போயிருக்கும். பிரேக்கிங் பாயிண்ட் வந்த பிறகு ‘இப்போ போகலாம்’ என்று முடிவெடுக்கிறவனுக்கு அந்த 20 மீட்டர் மிச்சம் இருக்காது. முடிவு நேர்ப்பாதையிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாதி நுழைந்து பாதி பின்னால் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். என் பெரியப்பா ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்து லாயத்தில் வேலை பார்த்தவர். பைக் ரேஸ் அவர் பார்த்ததில்லை. ஒரு நாள் நான் பையன்களுக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், “முன்னால போற குதிரையோட பின்னங்கால்ல, பின்னால வர்ற குதிரை முன்னங்கால் இடிச்சா விழறது பின்னால வர்றதுதான்” என்றார். பைக்கிலும் அதேதான். உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தில் பக்கவாட்டில் உரசினால் அவருக்கு வண்டி லேசாக ஆடும், அவ்வளவுதான். உங்கள் முன்சக்கரமோ திசையை இழக்கும். பைக் நிற்பதும் திரும்புவதும் முன்சக்கரத்தால்தான். அது போனால் எல்லாம் போயிற்று. ஒன்று, அவர் பின்சக்கரத்துக்குப் பின்னால் தெளிவாக இருங்கள். இல்லை, அவர் தோளுக்குப் பக்கத்தில் தெளிவாக இருங்கள். நடுவில் உள்ள அந்த இரண்டடி இடத்தில் ஒரு கணமும் தங்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்படியென்றால் முந்தவே முடியாது போலிருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். செட்டிபாளையத்தில் என்னை ஒருவர் முந்திப் போனதைச் சொல்கிறேன். வயதில் என்னைவிட மூத்தவர். இரண்டு சுற்று என் பின்னால் இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. மூன்றாவது சுற்றில் ஒரு மெதுவான வளைவை விட்டு வெளியே வரும்போது, என் வண்டி முழுதாக நிமிர்வதற்குள் அவர் இன்ஜின் சத்தம் பக்கத்தில் வந்தது; நான்கைந்தடி இடைவெளியில் என்னைக் கடந்து, அடுத்த வளைவுக்கு வெகு முன்னாலேயே லைனுக்கு வந்துவிட்டார். எனக்கு ஒரு துளி பிரேக்கும் தேவைப்படவில்லை. பேடாக்கில் போய்க் கேட்டேன், எப்படிண்ணா பண்ணீங்க என்று. “நீங்க அந்த வளைவுல சீக்கிரமா உள்ள போயிடறீங்க தம்பி, அதனால வெளிய வரும்போது ஆக்ஸிலேட்டரைத் திறக்க லேட்டாகுது. முதல் ரெண்டு சுத்துல அதைத்தான் பார்த்தேன்” என்றார்.

இதுதான் எக்ஸிட்டில் முந்துவது. ஏனோ பையன்கள் யாரும் விரும்பிக் கற்பதில்லை. பிரேக்கிங்கில் உள்ளே பாய்வதுதான் வீரம் என்று நினைக்கிறார்கள். முன்னால் போகிறவரின் வாலை ஒட்டிக்கொண்டே வளைவுக்குள் போனால் அவர் என்ன வேகத்தில் போகிறாரோ அதே வேகத்தில்தான் நீங்களும் போக முடியும். அவர் ஆக்ஸிலேட்டரைத் திறக்கும் வரை நீங்களும் காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, வளைவுக்கு முன்பே இரண்டு மூன்று வண்டி நீளம் இடைவெளி விடுங்கள். அவர் உள்ளே போகட்டும். நீங்கள் கொஞ்சம் தாமதமாகத் திருப்பி, வண்டியைச் சீக்கிரம் நிமிர்த்தி, அவருக்கு முன்பே ஆக்ஸிலேட்டரைத் திறங்கள். அவர் வளைவின் வெளி ஓரத்தை நோக்கி அகன்று வரும்போது நீங்கள் அவருக்கு உள்பக்கமாக, அதிக வேகத்தோடு நேர்ப்பாதைக்கு வருவீர்கள். இரண்டு வண்டியும் நிமிர்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் இடம் இருக்கும். யாராவது ஒருவர் கொஞ்சம் தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் இருக்கும்.

இதற்கு ஒரு சுற்று, சில சமயம் இரண்டு சுற்று பொறுக்க வேண்டும். 2.1 கிலோமீட்டர் டிராக்கில் ஒரு சுற்று என்பது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதைப் பொறுக்க முடியாமல் போன இடங்களில்தான் நான் அதிகம் ஆம்புலன்ஸ் பார்த்திருக்கிறேன்.

நேர்ப்பாதையில் ஸ்லிப்ஸ்ட்ரீமில் போவதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிற வண்டி காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் பின்னால் இருக்கும் நமக்கு வேகம் கூடும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது நம்மை நிறுத்த உதவுவதில் எதிர்க்காற்றுக்கும் பங்கு உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் காற்று நமக்குக் கிடைக்காது. வழக்கமான தூரப் போர்டைப் பார்த்து வழக்கம் போல பிரேக் பிடித்தால், வழக்கத்தைவிட அதிக வேகத்தோடு, குறைவான எதிர்க்காற்றோடு போய்ச் சேர்வோம். எதிரே அவருடைய பின்சக்கரம் இருக்கும். பிரேக்கிங் பாயிண்டுக்கு முன்பே பக்கத்தில் விலகிவிட வேண்டும். இன்னொன்று, கண். முன்னால் போகிறவரின் சீட்டையே பார்த்துக்கொண்டு போனால் அவர் போகிற இடத்துக்கு நாமும் போவோம், அவர் மண்ணில் இறங்கினால் நாமும் இறங்குவோம். அவர் தோளுக்கு மேலாக, அடுத்த வளைவைப் பார்த்து ஓட்டப் பழக வேண்டும்.

மலைக்காரர்களுக்கு இன்னொரு பிரச்சினை, நல்ல குணத்தால் வருவது. நீலக்கொடி. நம்மைவிட வேகமான ஒருவர் ஒரு சுற்று முன்னேறி நம்மை நெருங்குகிறார் என்றால் டிராக் ஓரத்தில் நிற்கும் மார்ஷல் நீலக்கொடியை ஆட்டுவார். புதிதாக வந்த பையன் அதைப் பார்த்ததும் என்ன செய்கிறான்? ஊரில் பஸ்ஸுக்கு வழிவிடுகிற மாதிரி வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்குகிறான். திரும்பியும் பார்க்கிறான். மரியாதைக்குத்தான் செய்கிறான், ஆனால் இதைவிட ஆபத்தான மரியாதை கிடையாது. பின்னால் வருபவர் ஏற்கெனவே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இவன் ஒதுங்குவது அதே பக்கமாக இருந்தால்? இவன் எங்கே இருப்பான் என்று அவர் போட்ட கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். நீலக்கொடி காட்டினால் செய்ய வேண்டியது, உங்கள் லைனிலேயே உங்கள் வேகத்திலேயே போய்க்கொண்டிருப்பது. அவரைத் தடுக்கக் கூடாது, அவரோடு போட்டி போடக் கூடாது, அவருக்காக எதையும் மாற்றவும் கூடாது. வழியை அவர் கண்டுபிடித்துக்கொள்வார்.

கடந்து போகிற வேகக்காரருக்கும் இதில் கடமை இருக்கிறது. கடைசியில் ஓட்டுகிறவன் முதல் ரேஸ் ஓட்டுகிறவனாக இருக்கலாம். அவன் ஹேண்டில் பாரை உரசுகிற மாதிரி போய் அவனைப் பயமுறுத்துவதால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமாகாது. அவனோடு உங்களுக்கு இடப்போட்டியே கிடையாது. நிறைய இடம் விட்டுப் போங்கள். பயிற்சி நாட்களில் புதியவர்கள் குழுவில் நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம், வளைவுக்குள் கூடாது, ஆறடி இடைவெளி வேண்டும் என்பது போன்ற விதிகளைப் பல இடங்களில் வைப்பார்கள். ரேஸில் அந்த விதி இல்லாவிட்டாலும் ஒரு சுற்று பின்தங்கியவரைக் கடக்கும்போது அதையே பின்பற்றுங்கள் என்றுதான் சொல்வேன்.

மஞ்சள் கொடிக்கு விளக்கமே வேண்டியதில்லை. ஆடினால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. யாரோ விழுந்து கிடக்கிறார், அவரைத் தூக்க மார்ஷல் ஓடுபாதைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். பைக் ரேஸில் விழுவதைவிட, விழுந்த பிறகு பின்னால் வரும் வண்டி மோதுவதுதான் அதிகம் பயப்பட வேண்டியது. 2011 அக்டோபர் 23 அன்று மலேசியாவின் செபாங் டிராக்கில் இத்தாலிய பைக் ரேஸர் மார்கோ சிமான்செல்லி அப்படித்தான் இறந்தார். உலகத்திலேயே சிறந்த ஓட்டுநர்கள் இருவர் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவரது வண்டி சறுக்கி வெளியே போகாமல் ஓடுபாதைக்குக் குறுக்கே வந்ததால் அவர்களால் விலக முடியவில்லை. அது இரண்டாவது சுற்று. வண்டிகள் கூட்டமாக இருக்கிற நேரம்.

முதல் சுற்றைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். டயர் இன்னும் சூடாகியிருக்காது, எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும், இருபது வண்டிகள் ஒரே வளைவில் ஒரே லைனைத் தேடும். இருங்காட்டுக்கோட்டையின் முதல் வளைவு வேகமான வளைவு. 2023 ஆகஸ்டில் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில், அந்த வளைவைத் தாண்டுகிற இடத்தில் விழுந்து 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அந்தச் செய்திக்குப் பிறகு என் கடைக்கு வந்த எந்தப் பெற்றோரும் அதைக் கேட்காமல் போனதில்லை. நான் அவர்களிடம் ஆபத்தே இல்லை என்று ஒருபோதும் சொன்னதில்லை. உங்கள் பையன் முதல் வளைவில் இடம் பிடிக்க அவசரப்பட மாட்டான் என்று நான் நம்பும் வரை கிரிட்டில் நிறுத்த மாட்டேன் என்பதைத்தான் சொல்கிறேன். ரேஸை முதல் வளைவில் ஜெயித்தவர் யாரும் இல்லை, அங்கே முடித்துக்கொண்டவர்கள் நிறைய.

வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் இடது கையை உயர்த்துங்கள். வலது கை ஆக்ஸிலேட்டரில் இருக்கும், அதை எடுக்க முடியாது. கையை எடுக்க முடியாத நிலைமை என்றால் ஒரு காலை வெளியே நீட்டுங்கள். கியர் விழவில்லை, செயின் கழன்றுவிட்டது, எதுவானாலும் சரி. உடனே குறுக்கே வெட்டி ஓரம் போகாதீர்கள். போய்க்கொண்டிருந்த திசையிலேயே போய், மெல்ல மெல்ல லைனை விட்டு விலகுங்கள். டிராக்கை விட்டு வெளியேறும் பிட் லேனுக்குள் திரும்பும் முன்பும் இதேதான்.

அப்புறம் பேடாக். உரசல் நடந்திருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போய்ச் சண்டை பிடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பையன்களுக்கு நான் வைத்த பழக்கம் வேறு. முதலில் ஹெல்மெட்டைக் கழற்று, தண்ணீர் குடி, உட்கார். பத்து நிமிடம் கழித்து அவரிடம் போய் “அண்ணா, அந்த வளைவுல நீங்க என்னைப் பார்த்தீங்களா?” என்று கேள். குற்றம் சாட்டாதே, கேள். பெரும்பாலும் “பார்க்கவே இல்லை தம்பி” என்பதுதான் பதிலாக வரும். அந்த ஒரு பதிலில் இருவரும் கற்றுக்கொள்வது, முறைத்துக்கொண்டு நிற்பதில் கிடைக்காது. நாம் இடித்திருந்தால் அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. நாமே போக வேண்டும், வண்டியில் உடைந்தது என்ன என்று பார்க்க வேண்டும், லீவர் உடைந்திருந்தால் நம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே இடிக்கிறவர் என்று தெரிந்தால் மட்டும் அதிகாரிகளிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், பேடாக்கில் ஆள் சேர்க்க வேண்டாம். காலையில் நடக்கும் ரைடர்ஸ் பிரீஃபிங்கில் கடைசி வரிசையில் நின்று போன் பார்க்காமல், இன்றைக்கு எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, மஞ்சள் கொடி மீறினால் என்ன தண்டனை என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் கேட்கிற கேள்வி பக்கத்தில் நிற்கிற நான்கு பேருக்கும் இருக்கும்.

இனி மலை ஏறித் திரும்புவதைப் பற்றி. டிராக்கில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வருகிற பையனுக்கு நேர்ப்பாதையின் வேகம் உடம்பிலிருந்து இறங்கியிருக்காது. கல்லாறு தாண்டி முதல் வளைவு வந்ததும் கை தானாக முறுக்கும். டிராக்கில் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியும், எதிரே வண்டி வராது, விழுந்தால் உருள இடம் உண்டு, மார்ஷல் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். பர்லியாருக்கு மேலே வளைவுக்கு அப்பால் அரசுப் பேருந்து இருக்கலாம், பிரேக் காய்ந்து புகையும் டூரிஸ்ட் கார் இருக்கலாம், சாலை நடுவில் காட்டெருமை நிற்கலாம். அடுத்த வளைவில் மூடுபனி, ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் யூகலிப்டஸ் இலை. இங்கே டிராக் விதி எதுவும் செல்லாது. வளைவில் முந்தாதீர்கள், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுங்கள், ஹாரன் அடியுங்கள். பொதுச் சாலையில் போட்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி சிறைத் தண்டனை வரைக்கும் போகும். சட்டத்தை விடுங்கள், எதிரே வருகிற டெம்போவில் தேயிலை பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் யாரும் நம்மோடு ரேஸுக்கு ஒப்புக்கொண்டவர்கள் இல்லை.

அதனால் எங்கள் குழுவில் யாரும் ரேஸ் வண்டியை ஓட்டிக்கொண்டு மலை இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. ரேஸ் டயர் சூடானால்தான் பிடிக்கும்; கோத்தகிரிக் குளிரில் மாலை நேரத்து ஈரச் சாலையில் அது எவ்வளவு ஓடினாலும் சூடாகாது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பிக்கப் வாடகைக்கு எடுத்து, வண்டிகளை முன்சக்கரத்தில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி ஏற்றிவிடுவோம். வாடகையைப் பிரித்தால் ஆளுக்குப் பெரிதாக ஆகாது. திரும்பும்போது பையன்கள் பின்னால் வரும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே குன்னூர் வந்து சேர்வார்கள்; வண்டிகளை மறுநாள் காலையில் கடையில் இறக்கிக்கொள்ளலாம்.